நிதானப் புள்ளி

எனக்கு வாய் ஜாஸ்தி. நானே சொல்லிடறேன், அப்புறம் ஊர்க்காரங்க சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம். முப்பத்திரண்டு வருசம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தேன். தைச்சு வர்ற பீஸை லைட்டு வெளிச்சத்துல பிடிச்சு, ஓட்டை, கறை, தையல் விட்டதுன்னு குறை கண்டுபிடிக்கறதுதான் சோலி. குறை சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். வேலையை விட்டு நின்னப்புறமும் பழக்கம் போகலை. ஒருநாள் மருமக பொறுக்கமாட்டாம, "அத்தை, இந்த வாயை ஏதாச்சும் நல்லதுக்கு வெச்சுக்கங்களேன்"னா. அவ குத்தலுக்குத்தான் சொன்னா. நான் நேராப் போய் சாட்சிக்காரியாப் பேர் கொடுத்துட்டு வந்துட்டேன். சிந்துஜா, வயசு அறுபத்தொண்ணுன்னு.

சாட்சின்னா கோர்ட்டுக் கூண்டுல ஏறறது இல்லைங்க. படுத்த படுக்கையாக் கிடக்கறவங்களை வெச்சுப் பார்க்கற நீள்பராமரிப்பு இல்லம் இப்ப ஊருக்கு இருபது இருக்குதுல்ல, அங்க வாய் திறக்க முடியாம கிடக்கற சனத்துக்காகப் பேசற தன்னார்வலருங்க நாங்க. சம்பளம் கிடையாது. பஸ் பாஸ் தருவாங்க. ஒரு நீலப் பை தருவாங்க. பைக்குள்ள ரெண்டு பட்டை இருக்கும்.

அந்தப் பட்டை என்ன பண்ணும்னு முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மகிழினி. இல்லங்களைப் பார்க்கற அரசாங்கத் துறையில கண்காணிப்பு அலுவலர். என் மக வயசுதான் இருக்கும், ஆனா பேச்செல்லாம் பெரிய மனுசி.

"ஒரு பட்டையை அவங்க கையில கட்டோணும், இன்னொண்ணை உங்க கையில. பொத்தானை அமுக்கினா ஒரு நிமிசத்துக்கு அவங்க நோவு உங்களுக்கு வருமுங்க. எங்க நோவுதோ அங்க, எவ்வளவு நோவுதோ அவ்வளவு."

"ஏம்மா, நோவைப் பட்டையே கண்டுபிடிச்சுருதில்ல? இத்தனைன்னு நம்பர் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே. நாங்க எதுக்கு நடுவால?"ன்னு கேட்டேன்.

"முதல்ல அப்படித்தானுங்க இருந்துச்சு. இல்லத்துக்காரங்க எல்லாஞ் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. நம்பருக்கு வலிக்குமா, ஒரு மனுசன் உணர்ந்து சொன்னாத்தான் அது சாட்சின்னு. ஜெயிச்சுட்டாங்க."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கல்ல, அதையே எடுத்துச் சட்டமாக்கி வெச்சுட்டாங்க. எனக்கு அப்ப அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. நோவு தெரியாத ஆளு எப்படிங்க சாட்சி சொல்ல முடியும்?

நிமிசம் முடிஞ்சதும் பட்டையில மூணு பொத்தான் வரும். நோவு இல்லை. பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாது. மூணாவதை அமுக்கினா ஒரு நாளுக்குள்ள அந்த ஆளை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்த் தீரோணும், இல்லம் பதில் சொல்லோணும். இல்லம் ஒத்துக்கலைன்னா ரெண்டாவது சாட்சி வரும். ரெண்டு பேரும் வேற வேற சொன்னா, யாருக்கு நிதானப் புள்ளி அதிகமோ அவங்க சொல்றதுதான் நிக்கும்.

நிதானப் புள்ளின்னா என்னன்னு நான் கேட்கறதுக்கு முன்னாலயே எனக்குக் குறைஞ்சு போச்சு. நோவு வர்றப்ப நாடி எகிறாம, கை உதறாம, சத்தம் போடாம உட்கார்ந்தா ஏறும். கத்தினா இறங்கும். பதறுற ஆளு பெருசு பண்ணிச் சொல்லும்ங்கறது அவங்க கணக்கு. நூத்துக்கு எனக்கு முப்பத்தொண்ணு. எங்க பத்மப்ரியா அக்காவுக்குத் தொண்ணூத்தேழு.

அக்காவைப் பத்திச் சொல்லோணும். வயசு அறுபத்தேழு, கணக்கு டீச்சரா இருந்தவங்க. இந்தச் சேவையில ஒன்பது வருசம். வீட்டுக்காரர் கை நீட்டற ஆளா இருந்து, கடைசியில அவரே ஆறு வருசம் படுத்துக் கிடந்து, அள்ளிப் போட்டுப் பார்த்தவங்க. மூணு பிரசவத்துலயும் ஒரு சத்தம் வரலைன்னு அவங்கம்மா பெருமையாச் சொல்லுமாம். சாட்சிக்கு ஆள் வேணும்னு துறையில விளம்பரம் போட்டப்பவே 'பொறுமையும் சகிப்புத்தன்மையும் உடையவர்கள்'னுதான் போட்டிருந்தாங்க. நம்மூர்ல பொறுமைக்குத்தானே மவுசு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற பொம்பளைன்னா தெய்வம், ஐயோன்னு சொன்னா அடங்காதவ. அதனால மாவட்டம் பூரா அடக்கமான பொம்பளைங்களாத் தேடிப் பிடிச்சு நோவுக்குச் சாட்சியாப் போட்டிருந்தாங்க. நான் எப்படியோ உள்ள புகுந்துட்டேன்.

நான் போய்ட்டு வந்த இல்லத்துக்குப் பேரு அமைதிச் சோலை. வேலன் நகரைத் தாண்டி, மூணு மாடி. அங்க ரெண்டாவது மாடியில அற்புதராஜ் சார். ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவர். நாலு வருசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்து பேச்சுப் போச்சு, உடம்பு போச்சு. இடது கையும் கண்ணும் மட்டும் மிச்சம். கல்யாணம் பண்ணிக்கலை. கனடாவுல ஒரு அக்கா பையன் இருக்கான், இல்லம் நீட்டற இடத்துல கையெழுத்துப் போடறதோட அவன் கடமை முடிஞ்சுது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாருக்கு நான் பட்டை கட்டுவேன். படுக்கைப் புண்ணு, மூட்டு, பல்லு, ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். நான் 'அய்யோ சாமி'ன்னு கத்துவேன். அப்ப அவர் என்னைப் பார்ப்பார் பாருங்க. நான் கத்தக் கத்த அவர் வாயும் திறக்கும். சத்தம் வராது. ஆனா முடிஞ்சப்புறம் மூச்சு விட்டுட்டு, இடது கையால என் விரலை ஒரு அமுக்கு அமுக்குவார். எனக்கு அது போதுங்க. அவர் கத்த வேண்டியதை நான் கத்தியிருக்கேன்னு ஒரு திருப்தி.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனப்ப சாரோட வலது இடுப்பு ஊதா நிறத்துல கிடந்துச்சு. வலது காலு இடது காலை விடக் குட்டையா, பாதம் வெளிய பார்த்துத் திரும்பியிருந்துச்சு. முப்பத்திரண்டு வருசம் பனியனுக்கு ரெண்டு கையும் ஒரே அளவா இருக்குதான்னு பார்த்தவ நான். எனக்குத் தெரியாதா?

இல்லத்து மேலாளர் நிரஞ்சனைக் கூப்பிட்டேன். சட்டை கசங்காத ஆளு. கோபமே வராது அவனுக்கு.

"என்னப்பா இது? ஆளைத் தூக்கற மெஷின்ல இருந்து விழுந்துட்டாரா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்கக்கா. வயசானாத் தோல் கறுக்குமுங்க."

"காலு வெளிய பார்த்துத் திரும்பியிருக்குது. தோல் கறுத்தாக் காலு திரும்புமா? ஒரு எக்ஸ்ரே எடு."

"வெளிய அனுப்பறதுன்னா உத்தரவு வேணுமுங்க. இல்லைன்னா சொந்தக்காரங்க கேட்கோணும். அவங்க கேட்கலையே. நீங்க பட்டை கட்டிப் பாருங்க, நான் வேண்டாங்கலை."

கட்டினேன். பொத்தானை அமுக்கினதுதான் தெரியும். விறகு பிளக்கற கோடாலியை இடுப்புல இறக்கிட்டு அதை அப்படியே திருகின மாதிரி இருந்துச்சு. நாற்காலியில இருந்து கீழ விழுந்துட்டேன். மாடி பூரா கேட்கறாப்புல கத்தினேன். சாரும் வாயைத் திறந்து என் கூடவே கத்தினார், சத்தமில்லாம. நிமிசம் முடிஞ்சதும் எழுந்திரிக்கக்கூட மாட்டாம தரையில கிடந்தே மூணாவது பொத்தானை அமுக்கினேன்.

நிரஞ்சன் எனக்குத் தண்ணி கொண்டு வந்து கொடுத்தான். "ஒடைஞ்சிருக்குதுப்பா, இடுப்பு ஒடைஞ்சிருக்குது"ன்னு நான் சொல்றேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "அக்கா, நீங்க போன மாசம் ஒரு சொத்தைப் பல்லுக்கே இப்படித்தான் கத்தினீங்க. ரெண்டாவது சாட்சி வரட்டுமுங்க. பத்மப்ரியாம்மாவைக் கேட்டிருக்கோம்"னான்.

எனக்கு சந்தோசம் தாங்கலை. அக்கா வந்தா வேலை முடிஞ்சுது. என் புள்ளி முப்பத்தொண்ணு, அக்கா புள்ளி தொண்ணூத்தேழு. அக்கா மூணாவதை அமுக்கினா எவனும் வாய் திறக்க முடியாது.

வியாழக்கிழமை அக்கா வந்தாங்க. சாரோட தலையைத் தடவி, "என்னங்க வாத்தியாரே"ன்னு பிரியமாப் பேசினாங்க. பட்டையைக் கட்டினாங்க. நான் கதவு ஓரமா நின்னேன். நோவு எப்ப இறங்கும்னு எனக்குத் தெரியும், அதனால என் உடம்பு முன்கூட்டியே நடுங்குச்சு. அக்கா நேரா உட்கார்ந்தாங்க. கையை மடியில வெச்சுக்கிட்டாங்க. முகத்துல அதே சிரிப்பு. ஒரு நிமிசம் முழுசாப் போச்சு. கண்ணு கூடச் சுருங்கலை. அப்புறம் ரெண்டாவது பொத்தானை அமுக்கினாங்க. பொறுத்துக்கலாம்.

"அக்கா, தப்பா அமுக்கிட்டீங்க."

"இல்லை சிந்து. லேசா ஒரு குடைச்சல் இருக்குது. வயசானவங்களுக்கு இருக்கறதுதான். நீ சித்தெ பொறுமையாப் பழகோணும் கண்ணு."

அதோட சாரோட கோப்பு மூடிப் போச்சு. சாரு என்னையும் அக்காவையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டுக் கிடந்தார். நிரஞ்சன் அவருக்கு ரெண்டு மூடி காய்ச்சல் மருந்து கொடுக்கச் சொல்லிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோறு இறங்கலை எனக்கு. அக்கா காசு வாங்கிட்டாங்கன்னு நினைச்சேன். ஆமாங்க, அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பாவம் எனக்கு இருக்குது.

ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல விழா. இந்த வருசத்துப் பரிவுச்சுடர் விருது பத்மப்ரியா அக்காவுக்கு. ஒன்பது வருசத்துல ஒரு தடவை கூட நிமிசம் முடியறதுக்கு முன்னால பட்டையைக் கழட்டலை, ஒரு தடவை கூடச் சத்தம் போடலைன்னு வாசல்ல பெருசா பேனர். பேனரெல்லாம் இல்லத்துக்காரங்க செலவுதான். முதல் ரெண்டு வரிசையிலயும் அவங்கதான். நீங்க யோசிச்சுப் பாருங்க, எந்த ஊர்லயாச்சும் திருடனுங்க காசு போட்டுப் போலீசுக்கு விழா எடுப்பாங்களா?

மேடைக்குப் பின்னால மணமகள் அறையில அக்கா தனியா உட்கார்ந்திருந்தாங்க. மாம்பழக் கலர்ல பட்டுப்புடவை. நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

"எவ்வளவு கொடுத்தாங்கக்கா?"

"என்ன கேட்கறே?"

"அந்த மனுசன் இடுப்பு ஒடைஞ்சு கிடக்கறார். என் உசுரே போய்ட்டு வந்துச்சு. நீங்க சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. என்ன வாங்கினீங்க?"

அக்கா கோபப்படலை. அவங்களுக்குப் பட்டுன்னு கண்ணு கலங்கிருச்சு. "சிந்து, சத்தியமா எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது. என் பசங்க மேல ஆணை"ன்னாங்க. அக்கா பசங்க மேல ஆணை வெக்கற ஆளே இல்லை.

நீலப் பை என் தோள்லதான் இருந்துச்சு. படுத்திருக்கறவங்களுக்குக் கட்டற பட்டையை என் கையில கட்டினேன். சாட்சிப் பட்டையை அக்கா கையில கட்டினேன். முந்தானையில இருந்த ஊக்கைக் கழட்டினேன்.

"அக்கா, கண்ணை மூடிக்கங்க. நான் என் கையில ஊக்கால குத்திக்கப் போறேன். உங்களுக்கு எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க."

கண்ணை மூடினாங்க. நான் பொத்தானை அமுக்கிட்டுக் குத்தினேன். சத்தம் வராம உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். அக்கா அமைதியாக் காத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னும் உள்ள இறக்கினேன். ரத்தம் வந்து மணிக்கட்டுல இறங்குச்சு. வெளிய நாதஸ்வரம் வாசிக்கறாங்க.

"குத்து கண்ணு. ஏன் யோசிக்கறே?"ன்னாங்க அக்கா.

"குத்தியாச்சுக்கா."

கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாங்க. ஊக்கு பாதி உள்ள இருந்துச்சு. அப்புறம் அந்த ஊக்கைப் பிடுங்கித் தன் உள்ளங்கையிலயே குத்திக்கிட்டாங்க. "இது நோவுது"ன்னாங்க மெதுவா. "என்னோடது நோவுது சிந்து. உன்னோடது வரலை."

"எத்தனை நாளாக்கா?"

"தெரியலையே. குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. சனங்களுக்கு இப்ப நல்லா வைத்தியம் பார்க்கறாங்க போலன்னு சந்தோசப்பட்டேன். ஒரு வருசமா, ரெண்டு வருசமா, தெரியலை. எத்தனை பேருக்குப் பொறுத்துக்கலாம்னு போட்டேன் நான்?"

அதுக்குள்ள கதவைத் தட்டிட்டாங்க. அக்காவைக் கூட்டிட்டுப் போய் மேடையில நடு நாற்காலியில உட்கார வெச்சாங்க. சந்தன மாலை, பொன்னாடை, கேடயம் எல்லாம் ஆச்சு. ஒரு வார்த்தை பேசச் சொன்னாங்க. அக்கா மைக்கைப் பிடிச்சாங்க. குரல் நடுங்கலை. அவங்களுக்குத்தான் எதுவும் நடுங்காதே.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த விருது எனக்கு வேண்டாமுங்க. எனக்கு நோவு தெரியறதில்லை. நான் போட்டதெல்லாம் பொய்ச் சாட்சிங்க. அமைதிச் சோலையில அற்புதராஜ்னு ஒரு வாத்தியார் இடுப்பு ஒடைஞ்சு கிடக்கறார். அவரை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன்."

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. சாரை இப்பவே தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு நினைச்சேன்.

சென்னையில இருந்து வந்த துறைச் செயலாளர் எழுந்திரிச்சு மைக்கை வாங்கினார். அவருக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு. "இதுதான் தன்னடக்கம். ஆயிரக்கணக்கானோரின் வலியைச் சுமந்தவர், எனக்கு வலியே தெரியவில்லை என்கிறார். தான் பாராட்டப்படும் மேடையில்கூடத் தன்னைப் பற்றிப் பேசாமல், படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைப் பற்றிப் பேசுகிறார். நாமெல்லாம் எழுந்து நின்று கைதட்ட வேண்டாமா?"ன்னார்.

எழுந்து நின்னு தட்டினாங்க. நிரஞ்சனும் தட்டினான். அக்கா "இல்லீங்க, நிஜமாத்தானுங்க"ன்னு சொல்லச் சொல்லத் தட்டினாங்க. அவங்க அழுதாங்க, அதுக்கும் தட்டினாங்க. நான் பின்னால இருந்து "அட கெரகம் பிடிச்சவங்களா, அவங்க சொல்றதைக் கேளுங்கடா"ன்னு கத்தினேன். நாலு பேர் என்னைப் பிடிச்சு வெளிய கொண்டு வந்து உட்கார வெச்சு, இளநி வெட்டிக் கொடுத்தாங்க. எனக்குப் பொறாமையாம்.

மறுநாள் நானும் அக்காவும் மகிழினி ஆபீசுக்குப் போனோம். அக்கா போகறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தாங்க. மகிழினி படிச்சுட்டு, பெருசா ஒண்ணும் அதிரலை.

"வருமுங்க. ஏழெட்டு வருசம் பட்டை கட்டினா எல்லாருக்கும் வருமுங்க. மனசு கதவைச் சாத்திக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க."

"இது உங்களுக்குத் தெரியுமா?"ன்னேன்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேவா அவங்களுக்குப் புள்ளி ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"அவங்கதானுங்களே நிதானமா இருக்காங்க"ன்னா அந்தப் பொண்ணு. கிண்டல் இல்லை. நிஜமாவே அவளுக்கு அதுல என்ன தப்புன்னு விளங்கலை.

அக்கா எழுதிக் கொடுத்ததை ஏத்துக்கிட்டா. ஏத்துக்கிட்ட கையோட அவங்க பட்டையை வாங்கி வெச்சுட்டா. அவங்க ரெண்டு வருசத்துல பார்த்த எல்லாரையும் மறுபடி பார்க்கோணும், இல்லத்து வக்கீலுங்க ஒவ்வொண்ணுக்கும் பதில் போடுவாங்க, ஆறு மாசம் ஆகும்னா. என் கூறுகெட்ட புத்திக்கு வெளிய வந்தப்புறம்தான் உறைச்சுது. எழுதிக் கொடுக்காம, அக்காவை இன்னொரு தடவை சாரோட கையில பட்டை கட்ட வெச்சு, மூணாவது பொத்தானை அமுக்கச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லோணும்ங்கற அவசரத்துல அந்த மனுசனை விட்டுட்டோம்.

"வேற வழியே இல்லையா?"ன்னு திரும்பி உள்ள போய்க் கேட்டேன்.

"எண்பது புள்ளிக்கு மேல இருக்கற சாட்சி யாராச்சும் புதுசா அமுக்கினா, மூடின கோப்பைத் திறக்கலாமுங்க. ஆனா மாவட்டத்துல எண்பதுக்கு மேல அக்கா ஒருத்தர்தான் இருந்தாங்க."

"நான் ஏத்திக்கிட்டா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தா. "ஏத்தலாமுங்க. பெரிய நோவுல நிதானமா உட்கார்ந்தா சீக்கிரம் ஏறும். பயிற்சின்னு பதிஞ்சுக்கலாம்."

பெரிய நோவு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமே.

திங்கக்கிழமை சாயங்காலமே அமைதிச் சோலைக்குப் போனேன். சாரு முகம் வத்திப் போயிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அவரே இடது கையை நீட்டினார். கட்டினேன். நான் ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன். நோவு இறங்கினதும் மனசுக்குள்ள செக்கிங் பண்ண ஆரம்பிச்சேன். கழுத்து, தோள், கை, பக்கம், அடி. திருப்பிப் போடு. கழுத்து, தோள், கை, பக்கம், அடி. அடுத்த பீஸ். கோடாலி இறங்குது, நான் பீஸைத் திருப்பறேன். பன்னெண்டு பீஸ் முடிக்கறப்ப நிமிசம் முடிஞ்சுது. சின்னதா ஒரு முனகல்தான் வந்துச்சு. புள்ளி நாற்பத்தெட்டு.

சாரு வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். "உங்களுக்காகத்தான் சார். ரெண்டு நாள் பொறுத்துக்கங்க"ன்னேன். எனக்கும் வாயில அதே வார்த்தைதான் வருது பாருங்க.

புதன்கிழமை அறுபத்தாறு. அன்னைக்கு முனகல் கூட இல்லை. சாரு முதல்ல வாயைத் திறந்தார். நான் கத்தலை. பாதியில மூடிக்கிட்டார். முடிஞ்சதும் விரலை நீட்டினேன், அவர் அமுக்கலை. கையில பலம் குறைஞ்சிருச்சு போலன்னு நினைச்சேன். புள்ளி மேலதான் எனக்கு நினைப்பு பூரா.

வெள்ளிக்கிழமை கல்லாட்டம் உட்கார்ந்தேன். நோவு குறையலைங்க, அதைத் தெரிஞ்சுக்கங்க. ஒரு துளி குறையலை. எலும்பு எலும்போட உரசறது எனக்குத் தெரியுது. நான் கையை மடியில வெச்சுக்கிட்டு நேராப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். முகத்துல லேசாச் சிரிப்புக்கூட இருந்துச்சாம், நிரஞ்சன் சொன்னான். நிமிசம் முடிஞ்சுது. புள்ளி எண்பத்து மூணு. கோப்புத் திறந்துச்சு. மூணாவது பொத்தானை அமுக்கினேன்.

பட்டையில எழுத்து வந்துச்சு. 'சாட்சியின் உடல் அமைதியாக உள்ளது. பதிவு: பொறுத்துக்கலாம்.'

மறுபடி அமுக்கினேன். மறுபடி அதேதான். மகிழினிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உங்க விரலு ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. உடம்பைத்தானுங்க பட்டை நம்பும். பொறுக்க முடியாத நோவுன்னா நீங்க எப்படிங்க சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?"

"கத்தினா நம்பமாட்டேங்கறீங்களேம்மா."

"கத்தினா நிதானம் இல்லீங்களே." அப்புறம் குரலை மாத்திக்கிட்டு, "ஒரு சந்தோசமான விசயம் சொல்லோணுமுங்க. ஒரே வாரத்துல யாருக்கும் இப்படிப் புள்ளி ஏறினதில்லை. அடுத்த வருச விருதுக்கு உங்க பேரு போயிருச்சுங்க"ன்னா.

அன்னைக்கு வீட்டுல போய் அழுதேன். புள்ளியும் மண்ணாங்கட்டியும் வேண்டாம்னு முடிவு பண்ணினேன். நாளைக்குப் போய், நான் எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தறது. புள்ளி எண்பத்து மூணு இருக்கறப்பவே கத்தினா, அது இறங்கறதுக்கு முன்னால உடம்பும் விரலும் ஒண்ணாச் சேர்ந்துரும். கோப்பும் திறந்துதான் இருக்குது. ஒரே ஒரு கத்து. சாரை அன்னைக்கே தூக்கிட்டுப் போயிரலாம். இது ஏன் எனக்கு முதல்லயே தோணலைன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு அங்க இருந்தேன். பத்மப்ரியா அக்கா எனக்கு முன்னாலயே வந்து, கட்டில் பக்கத்துல கஞ்சிக் கிண்ணத்தோட உட்கார்ந்திருந்தாங்க. இப்பப் பட்டை இல்லாம வெறும் ஆளா வர்றாங்க, தினமும்.

"நேத்து நீ போனதுல இருந்து வாயைத் திறக்கமாட்டேங்கறார் சிந்து"ன்னாங்க.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பட்டையை எடுத்தேன். "சார், கையைக் கொடுங்க"ன்னேன்.

சாரு என்னைப் பார்த்தார். அப்புறம் இடது கையை மெதுவா, ரொம்ப மெதுவாப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டார்.

படுத்திருக்கறவங்க கையை இழுத்துக்கிட்டாப் பட்டை கட்டக் கூடாது. கட்டாயப்படுத்தினா மூணு வருசம் ஜெயில். பேச முடியாதவங்களுக்கும் வேண்டாம்னு சொல்ற உரிமை இருக்கோணும்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து அந்த விதியை வாங்கினதே நாங்கதான்.

"சார், இன்னைக்குக் கத்தறேன் சார். சத்தியமாக் கத்தறேன். அன்னைக்கெல்லாம் எனக்கும் நொந்துச்சு சார், உங்களுக்காகத்தான் பேசாம உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை கையைக் கொடுங்க."

அவர் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். நான் அங்கயே, பட்டை இல்லாம, கத்திக் காட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு என் தோளைப் பிடிச்சாங்க. சாரு திரும்பலை.

சத்தம் கேட்டு நிரஞ்சன் வந்தான். போர்வையைப் பார்த்தான், என் கையில இருந்த பட்டையைப் பார்த்தான். "பார்த்தீங்களாக்கா, அவருக்கே வேண்டாமாம்"னு சொல்லிட்டு, கோப்புல மறுத்துவிட்டார்னு எழுதி, என்கிட்டயே நீட்டினான். சாட்சியோட கையெழுத்து வேணுமாம்.